எடை மீண்டது, குடல் மீண்டதா? குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடும் நுண்ணுயிர்ச் சான்றுகளும்

கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறும் குழந்தை எப்போது குணமடைந்ததாகக் கருதப்படுகிறது? மேற்கையின் நடுச் சுற்றளவு 12.5 செ.மீ.யை எட்ட வேண்டும், அல்லது உயரத்துக்கேற்ற எடை குறித்த கோட்டைத் தாண்ட வேண்டும். வீக்கம் இரண்டு வாரமாவது இல்லாதிருக்க வேண்டும். ஒரு நாடாவும் ஒரு தராசும் போதும். இந்த எளிமையால் பெரும் நன்மை விளைந்தது. வேர்க்கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்–தாதுக் கலவை ஆகியவற்றாலான ஆயத்த சிகிச்சை உணவை வீட்டிலேயே வைத்துக் கொடுக்கும் முறையை 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் பிற ஐ.நா. அமைப்புகளும் ஏற்றன, சாவின் விளிம்பில் இருந்த குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவர்களில் பலர் உயரம் குன்றியவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். சிலர் மீண்டும் மெலிகிறார்கள். நாடா காட்டும் மீட்சிக்கும் உடல் அடையும் மீட்சிக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியின் ஒரு பகுதி குடல் நுண்ணுயிர்த் தொகுதியின் முதிர்ச்சியின்மையில் உள்ளது என்பதும், ஆகவே குழந்தை உணவைக் கலோரியாலும் புரதத்தாலும் மட்டும் மதிப்பிடுவது போதாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்துக்கு முதல் ஆதாரம் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. பால் சர்க்கரையான லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் மிகுந்திருக்கும் திடப்பொருள் ஒலிகோசாக்கரைடு எனப்படும் சர்க்கரைத் தொடர்கள். இவற்றைச் செரிக்கும் நொதி குழந்தையிடம் இல்லை. பெருங்குடல்வரை சிதையாமல் இறங்கும் இவற்றை உண்டு செழிப்பவை குடல் நுண்ணுயிர்களான பிஃபிடோபாக்டீரியங்கள். கலோரிக் கணக்கு மட்டும் பார்த்தால் இது வீண்செலவு. உண்மையில், குழந்தையின் முதல் உணவே இரண்டு பசிகளுக்குச் சேர்த்துச் சமைக்கப்பட்டது. தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கும் ஆறாம் மாதத்துக்குப் பின் இந்த இரண்டாவது பசியை யார் கவனிக்கிறார்கள் என்பதே கேள்வி.

நுண்ணுயிர்கள் நோயின் வெறும் அடையாளமா, நோயில் பங்கேற்பவையா என்பதைச் சோதிக்க மலாவி நாடு ஓர் அரிய வாய்ப்பைத் தந்தது. 317 இரட்டையர் இணைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. ஒரே வீடு, ஒரே தாய், பெரும்பாலும் ஒரே உணவு. ஆனாலும் பல இணைகளில் ஒரு குழந்தைக்கு மட்டும் குவாஷியோர்கர் எனும், வீக்கத்தோடு கூடிய கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்டன் குழுவினர், அத்தகைய இணைகளின் மலத்திலிருந்த நுண்ணுயிர்களைக் கிருமியற்ற எலிகளுக்குள் குடியேற்றினார்கள். நோயுற்ற குழந்தையின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகள், சத்துக் குறைந்த மலாவி உணவைத் தின்றபோது வெகுவாக எடை இழந்தன. எல்லா இணைகளிலும் இது ஒரே அளவில் நிகழவில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: கேடு விளைவித்தது நுண்ணுயிர் மட்டுமன்று, உணவு மட்டுமன்று, இரண்டும் சேர்ந்த சேர்க்கை.

அடுத்த சான்று டாக்காவின் மிர்ப்பூர்க் குடிசைப் பகுதியிலிருந்து வருகிறது. அங்கே நன்றாக வளரும் குழந்தைகளின் குடலில் எந்த மாதத்தில் எந்தப் பாக்டீரியா தலையெடுக்கிறது என்று பதிந்து, ‘நுண்ணுயிர் வயது’ என்ற அளவுகோலை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். பல் முளைப்பதற்கும் நடை பழகுவதற்கும் காலம் இருப்பதுபோல் குடல் நுண்ணுயிர்களுக்கும் ஒரு வளர்ச்சிக் கிரமம் உண்டு. கடும் குறைபாடுள்ள குழந்தைகளின் நுண்ணுயிர் வயது அவர்களுடைய உண்மை வயதுக்குப் பின்தங்கியிருந்தது. 2014-இல் வெளியான இந்த ஆய்வில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வெளிநாட்டு ஆயத்த உணவும் மற்றவர்களுக்கு உள்ளூர்க் கிச்சடியும் அல்வாவும் தரப்பட்டன. இரண்டாலும் நுண்ணுயிர் வயது ஓரளவே முன்னேறியது. அந்த முன்னேற்றமும் நிலைக்கவில்லை. பொட்டலத்தில் வருவது தாழ்வு, ஊர்ச் சமையலே மருந்து என்ற பழக்கப்பட்ட வாதமும் இங்கே தேறவில்லை. உணவு எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது குடலில் எதை வளர்க்கிறது என்பதே முடிவு செய்கிறது.

அப்படியானால் பின்தங்கிய நுண்ணுயிர்களை முன்னேற்றும் உணவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? வங்கதேச உணவுப்பொருள்களை எலிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் சோதித்து, கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை, வாழைக்காய் ஆகிய நான்கின் கலவையை டாக்காவின் வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையமும் கார்டன் குழுவும் தேர்ந்தெடுத்தன. 2021-இல் வெளியான மிர்ப்பூர்ச் சோதனையில், மிதமான குறைபாடுள்ள 12 முதல் 18 மாத வயதுடைய 123 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு இக்கலவையும் மற்றதற்கு அரிசி–பருப்பு அடிப்படையிலான வழக்கமான துணையுணவும் மூன்று மாதம் தரப்பட்டன. புதிய கலவையில் கலோரி குறைவு. ஆயினும் அதை உண்டவர்களின் எடை வளர்ச்சி வேகம் கூடுதலாக இருந்தது. எலும்பு வளர்ச்சி, நரம்பு வளர்ச்சி தொடர்பான இரத்தப் புரதங்களும் நல்ல திசையில் மாறின. குறைந்த கலோரி கூடுதல் வளர்ச்சியைத் தந்ததென்றால், கலோரியை மட்டும் எண்ணும் கணக்கு எதையோ விட்டுவிட்டது என்றே பொருள்.

மறுப்புகள் வலுவானவை. ஒன்று, பசியே நுண்ணுயிர்களைக் குலைக்கிறது, விளைவைக் காரணமாக்கக் கூடாது என்பது. பசி அவற்றைக் குலைப்பது உண்மைதான். ஆனால் குலைந்தவை எலிக்குள் சென்றும் கேடு செய்தன என்பதால், விளைவு மீண்டும் காரணமாகிச் சுழல்கிறது என்று கொள்வதே பொருத்தம். இரண்டு, எலி குழந்தையன்று என்பது. அதனால்தான் மிர்ப்பூர்ச் சோதனை எலி ஆய்வுகளைவிடக் கனமானது. மூன்று, அந்தச் சோதனை சிறியது, வித்தியாசமும் சிறியது, உயரக் குறைவு சரியாகிவிடவில்லை என்பது. இதை மறுக்க இயலாது. மூன்று மாதத்தில் உயரத்தை எதிர்பார்ப்பதும் முறையன்று. சான்று வழியைக் காட்டுகிறது. ஊர் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

நான்காவது மறுப்பே மிக ஆழமானது: வறுமையையும் சாக்கடையையும் விட்டுவிட்டுப் பாக்டீரியாவைப் பேசுவது சமூக அநீதியை ஆய்வுக்கூடத்துக்குள் ஒளித்துவைப்பதாகாதா? சூழலின் பங்கு பழைய செய்தி. 1969-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் வெளியிட்ட பிரேதப் பரிசோதனை ஆய்வு, கருவிலும் பிறந்தவுடனும் விரல்போல் நிமிர்ந்திருந்த குடலுறிஞ்சிகள் பின்னர் இலைபோல் தட்டையாவதைக் காட்டியது. பிறவிக் குறையன்று, வாழ்ந்த இடம் குடலில் பதிந்த தழும்பு. எனினும் வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்த, 2018, 2019 ஆம் ஆண்டுகளில் முடிவு வெளியான பெரும் சோதனைகளில், வீட்டளவில் கழிப்பறையும் கை கழுவலும் தூய நீரும் தந்தும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. ஊட்ட உணவு தந்தபோது சிறிதளவே கூடியது. சுகாதாரம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. வீட்டு வாசலோடு நிற்கும் சுகாதாரம் போதாது என்பதே. சாக்கடை ஓடும் தெரு குடலுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று காட்டுவது அநீதியை மறைப்பதாகாது; அதன் கணக்கை இன்னும் துல்லியமாக எழுதுவதாகும்.

இதிலிருந்து பெறப்படுவது மாத்திரைத் தீர்வன்று. இந்திய அங்கன்வாடித் திட்டத்துக்கு 2009-இல் திருத்தி வகுக்கப்பட்ட அளவு, ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்றது. சத்துமாவுப் பொட்டலத்தின்மேல் அச்சிட ஏற்ற எண்கள் இவை. குழந்தைக்கு உரிய பங்கு கிடைக்கிறதா என்று கேட்க உதவும் எண்களும்கூட. இவற்றைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தில் வாழைக்காயும் கொண்டைக்கடலையும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த எண்கள் மாறாமல் நிற்கக்கூடும். குடலில் நிகழ்வது மட்டும் மாறும். அந்த மாற்றத்தைப் பதியாத அளவுகோலை முழுமையான அளவுகோல் என்று இனி சொல்ல முடியாது.