சிவனொளிபாதமலைக்குச் செல்லும் பழைய வழிகள்

நெல்லியடிச் சந்தியில் நின்று நாற்றிசையும் நோக்குவார்க்கு மலை என ஒன்று புலப்படுவதில்லை. வடமராட்சி முழுவதும் சுண்ணாம்புக்கல்லின்மேற் பரந்து கிடக்கும் சமநிலமே. குறிஞ்சித்திணையை இலக்கியத்திற் கற்கும் எம் மாணவர்க்கு மலைவழி என்பது ஏட்டறிவாகவே நின்றுவிடுகின்றது. எனினும், இலங்கையின் மலைவழிகளுள் மிகப் பழையனவற்றின் வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பங்குண்டு. அப்பங்கினை எடுத்துக்காட்டி, அவ்வழிகள் யார்க்கு உரியன என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இரத்தினபுரி நகர்க்கு வடகிழக்கே 7,359 அடி உயர்ந்து நிற்கும் மலையினைச் சைவர் சிவனொளிபாதம் என்பர்; பௌத்தர் ஸ்ரீபாதம் என்பர்; இஸ்லாமியர் ஆதாம் நபியின் அடிச்சுவடு அங்குளதென்பர். அதன் உச்சிக்குச் செல்லும் வழிகளுள் இரத்தினபுரியிலிருந்து கிலிமலை, பலாபத்தலை வழியாகச் செல்வதொன்று. குருவிற்றையிலிருந்து எரத்தனை வழியாகச் செல்வதொன்று. அற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து ஏறுவதொன்று. முதலிரண்டும் அடிவாரத்துத் தாழ்நிலத்திலிருந்து தொடங்குதலின் நீண்டனவும் கடினமானவுமாம்.

இவ்வழிகள் காட்டிலே தாமாகத் தோன்றியன அல்ல. பக்தர்தம் கால்கள் வழியினை வகுத்தன. அரசர் அதனைப் பேணினர். 1055 முதல் 1110 வரை ஆட்சி புரிந்த முதலாம் விசயபாகு, மலைக்குச் செல்வோர் உணவின்றி வருந்தாவண்ணம் கிலிமலைக் கிராமத்தை மானியமாக அளித்தான். வழிகளில் அன்னசாலைகளையும் நிறுவினான். இவ்வறத்தினை அம்பகமுவைக் கல்வெட்டும் கூறுகின்றது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிசங்கமல்லன் மலையேறி வழிபட்டமைக்கு, உச்சியை அடுத்த குகையில் அவன் பொறித்த கல்வெட்டுச் சான்றாகும். 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவப்பதிராசன் சேறு நிறைந்த இடங்களைச் சீர்ப்படுத்தி, ஆறுகளுக்குப் பாலங்களும் அமைத்தான். பாலமும் அன்னசாலையும் வேண்டப்பட்டன என்றால், அக்காலத்தே சென்றோர் தொகை சிறிதன்று என்பது பெறப்படும்.

இனி யாழ்ப்பாணத்தின் பங்கினை நோக்குவாம். 1344ஆம் ஆண்டில், மொறோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பதூதா மாலைதீவிலிருந்து புறப்பட்டு, காற்றினால் அலைப்புண்டு, புத்தளக் கரையை அடைந்தார். அப்பகுதி அப்பொழுது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் ஆணைக்குட்பட்டிருந்தது. பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் பெற்றிருந்த அவ்வரசன் விருந்தினரை நன்கு உபசரித்து முத்துக்களும் வழங்கினான். வேண்டுவது யாதென வினவியபொழுது, ஆதாமின் அடிச்சுவட்டைக் காண்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் யாத்திரிகர். அரசன் அவருக்குப் பல்லக்கு ஒன்று அளித்தான். ஆண்டுதோறும் திருவடி தரிசனத்துக்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தன் பரிவாரத்தினர் பதின்மரையும், உணவு சுமப்போர் பதினைவரையும் உடன் அனுப்பினான்.

மலையில் இரு வழிகள் இருந்தன என அவர் எழுதியுள்ளார். ஆதாமின் பெயரால் வழங்கியது கடினமான வழி. ஏவாளின் பெயரால் வழங்கியது எளிய வழி. எளிய வழியாலேயே ஏறியவரை யாத்திரை செய்தவராக மக்கள் மதியார் என்பதும் அவர் தரும் செய்தியாம். செங்குத்தான பாறையிற் பற்றி ஏறுதற்குப் பத்துச் சங்கிலிகள் இருந்தமையையும் அவர் குறித்துள்ளார். வருத்தத்தையே வழிபாட்டின் உறுப்பாகக் கொண்ட மரபு அன்றே வேரூன்றியிருந்தது போலும்.

இச்செய்தியிலிருந்து இரு முடிபுகள் பெறத்தக்கன. ஒன்று, அரசன் வழித்துணையாகத் தந்த யோகியர் ஆண்டுதோறும் சென்று பழகியவராதலின், 14ஆம் நூற்றாண்டிலேயே வடபுலத்தார்க்கு அம்மலைவழி அறிமுகமானதாயிருந்தது. மற்றொன்று, சைவ யோகியர் முன்செல்ல இஸ்லாமியர் ஒருவர் பின்சென்றார். சிங்கள வேந்தர் பேணிய வழியில் இருசாராரும் நடந்தனர். உச்சியிலுள்ள சுவடு ஒன்றே. அதனைக் கண்ட கண்கள் வெவ்வேறு பொருள் கொண்டன. அது பற்றி அவர்கள் வழியிற் பிணங்கினர் என்ற குறிப்பு அந்நூலில் இல்லை.

பிற்காலத்தே மலையின் காவல் கைமாறியதுண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சைவம் சார்ந்த சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் அதனைச் சைவத் துறவியரிடம் ஒப்புவித்தான் என்றும், 18ஆம் நூற்றாண்டிலே கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதனைப் பௌத்த துறவியர்க்கு மீட்டளித்தான் என்றும் வரலாறு கூறும். காவல் எவரிடம் இருந்ததாயினும் ஏறுவோர் கூட்டம் ஒரு சமயத்தாரோடு அமைந்ததில்லை. ஆதலின் காவலுரிமை வேறு, வழியுரிமை வேறு என்பது தெளிவு. முன்னையதை அரசர் கொடுக்கவும் வாங்கவும் கூடும். பின்னையது நடப்பவர் எல்லார்க்கும் பொதுவாம்.

1884ஆம் ஆண்டிற் புகையிரதம் அற்றனை அடைந்தபின் யாத்திரையின் போக்கு மாறியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் காடு வெட்டி உண்டாக்கிய தோட்டங்களின் ஊடே செல்லும் குறுகிய வழி பெருவழியாயிற்று. மலையடியில் உள்ள ஊருக்கு நல்லதண்ணி என்ற தூய தமிழ்ப்பெயர் வழங்குதல் கருதத்தக்கது. அங்கிருந்து 5,000க்கு மேற்பட்ட படிகள் உச்சி வரை உள்ளன. டிசெம்பர்ப் பூரணை முதல் வெசாக் பூரணை வரையுள்ள யாத்திரைக் காலத்தில் பெருந்திரளானோர் இவ்வழியையே நாடுகின்றனர். தொன்மை மிக்க இரத்தினபுரி வழியிற் செல்வோர் சிலரே.

பயிலாத வழியைக் காடு மீட்டுக்கொள்ளும். பயிலாத வரலாற்றை மறதி மூடிக்கொள்ளும். எம்மூர்களிலும் நடந்து செல்வார் பொருட்டு முன்னோர் சுமைதாங்கியும் மடமும் கேணியும் அமைத்தனர். பருத்தித்துறையிலே தெருவின் மேலேயே கூரையிட்டு எழுப்பிய தெருமூடிமடம் அவ்வறத்துக்கு இன்றும் சான்றாக நிற்கின்றது. விசயபாகுவின் அன்னசாலைக்கும் இம்மடத்துக்கும் அளவிலே வேற்றுமை உண்டு, கருத்திலே இல்லை. வழிச்செல்வோன் யாவன் என வினவாது அவன் இளைப்பை நோக்கியமையே இரண்டிற்கும் பொதுவான சிறப்பாகும்.

2010ஆம் ஆண்டில் இம்மலைச் சரணாலயம் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமை இடமென ஏற்கப்பட்டது. அங்குள்ள காடும் அருவியும் அதனாற் பெருமையுற்றன. அவற்றினூடே செல்லும் வழிகளும் அத்தகைய மதிப்புக்கு உரியனவே. மாணவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இரத்தினபுரி வழியாக அம்மலை ஏறுதல் வேண்டும். கொண்டு சென்ற குப்பையை அங்கு விட்டு வாராமை முதற் கடன். நாம் செல்லும் வழி பலர் நடந்து நமக்கு ஆக்கித் தந்தது என்பதை மறவாமை இரண்டாங் கடன்.