‘விமோசனம்’ முதல் மதுவிலக்குச் சட்டம் வரை: இராஜாஜியின் பரப்புரையில் குடிநோயாளி

தமிழகத்தின் மதுவிலக்கு வரலாறு பெரும்பாலும் அரசின் வருவாய் வரலாறாகவே பேசப்படுகிறது. குடிநோயாளியை மையமாக வைத்து அதனை நோக்கினால், இராஜாஜியின் பரப்புரைக்கும் அவர் இயற்றிய சட்டத்திற்கும் இடையே ஒரு விரிசல் புலப்படும்.

1925இல் திருச்செங்கோட்டுப் பகுதியில் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்திலிருந்து, 1929இல் ‘விமோசனம்’ வெளிவரத் தொடங்கியது. மதுவிலக்குக்கென்றே நடத்தப்பட்ட இம்மாத இதழுக்கு இராஜாஜி ஆசிரியர்; கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி துணையாசிரியர். பத்து இதழ்களே வந்தன. எனினும் அதன் பெயர் ஆராயத்தக்கது. ‘விலக்கு’ என்பது பொருளைத் தள்ளிவைப்பது. ‘விமோசனம்’ என்பதோ சாபத்தில் சிக்குண்டவனை விடுவிப்பது. குடிப்பவனைக் கட்டுண்டவனாகக் காணும் பரிவு அச்சொல்லில் உண்டு.

1937 ஜூலையில் சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பேற்ற இராஜாஜி, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அவ்வாண்டுச் சட்டத்தில் காய்ச்சுபவர், விற்பவர் ஆகியோரோடு குடிப்பவரும் குற்றவாளியே. கட்டுண்டவன் குற்றவாளியாக மாறிய இடம் இதுவே எனலாம். கடையை மூடினால் பழக்கமும் அகலும் என்னும் நம்பிக்கையே இதன் அடிப்படை. அமெரிக்காவிலோ 1933இல் மதுவிலக்கு நீங்கியது. 1935இல் குடிநோயாளர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அங்குத் தோன்றியது. சட்டம் தோற்றபின் பராமரிப்பு தொடங்கிய வரிசை அது.

வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு பின்னர் நீங்கியபோதும் அவ்வரி நிலைத்துவிட்டது; இது இராஜாஜி எதிர்பாராத மரபுரிமை.

1948இல் செங்கல்பட்டு உள்ளிட்ட மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது. 1971இல் மு. கருணாநிதி அரசு அதனைத் தளர்த்த முனைந்தபோது, 92 வயது நிரம்பிய இராஜாஜி நேரில் சென்று வேண்டினார். அவ்வேண்டுகோளும் கடை திறத்தலைப் பற்றியதே. குடிநோயைச் சிகிச்சைக்குரியதாகக் கொண்ட முன்னோடி முயற்சி அரசிடமிருந்து வரவில்லை. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமே அதனைத் தொடங்கியது. 1983இல் டாஸ்மாக் உருவாயிற்று.

2023 மே மாதம் செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களில் மெத்தனால் கலந்த சாராயத்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விற்றவர்கள் கைதாயினர், காவல் அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர், இறந்தோரின் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. நடவடிக்கையின் முதன்மை இலக்கு அப்போதும் சாராயமே. அதனை நாடியவர்கள் அல்லர்.