எரியும் கப்பலில் ஒரு குருவானவர்

இரண்டாம் உலகப் போரின் விமானந்தாங்கிக் கப்பல்களைப் பற்றிய ஆவணப்படங்களில் பெரும்பாலும் வெற்றி முழக்கமே மேலோங்கி ஒலிக்கும். யார்க்டவுன் கப்பலில் படமாக்கப்பட்டு, 1944-இல் வெளிவந்து ஆஸ்கார் விருது பெற்ற 'தி ஃபைட்டிங் லேடி' அதற்குச் சான்று. அமெரிக்கக் கடற்படை 1945-இல் தயாரித்த 'தி சாகா ஆஃப் தி பிராங்க்ளின்' அத்தகையதன்று. எரியும் ஒரு கப்பலை அது நம் கண்முன் நிறுத்துகிறது.

1945 மார்ச் 19 காலை. ஜப்பான் கரையிலிருந்து ஏறத்தாழ 50 மைல் தொலைவில் இருந்த பிராங்க்ளின் மீது ஒரே ஒரு ஜப்பானிய விமானம் இரு குண்டுகளை வீசிற்று. மேல்தளத்திலும் கீழிருந்த விமானக் கூடத்திலும் எரிபொருளும் வெடிகுண்டுகளும் நிரம்பிய விமானங்கள் நின்றன. பகைவனின் இரு குண்டுகளைவிட, கப்பல் தானே சுமந்திருந்த குண்டுகளே பேரழிவு செய்தன. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தோர் 724 பேர். பின்னர் ஆய்ந்தோர் அத்தொகை 800-ஐத் தாண்டும் என்பர்.

அக்கப்பலின் ஆன்ம குரு அருட்தந்தை ஜோசப் ஓ'கல்லஹன், இயேசு சபைத் துறவி. ஹோலி கிராஸ் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். இறக்கும் நிலையில் இருந்தோருக்கு அருட்சாதனங்களை வழங்கிய அவரே தீயணைப்புக் குழுக்களையும் நடத்தினார். சாய்ந்த தளத்தில் உருண்ட சூடேறிய குண்டுகள்மேல் நீர் பாய்ச்சினார். 1946 ஜனவரி 23 அன்று அதிபர் ட்ரூமன் அவருக்கு மெடல் ஆஃப் ஆனர் விருதை அணிவித்தார். கடற்படை ஆன்ம குருக்களில் அதனை முதன்முதல் பெற்றவர் அவரே.

மேல்தளத்தைக் கண்ட ஒளிப்படக் கருவி உள்ளறைகளைக் காணவில்லை. புகை சூழ்ந்த உணவறையில் சிக்கிய ஏறத்தாழ 300 பேரை, இருளில் வழி தேடி வெளியே அழைத்து வந்தவர் டொனால்ட் கேரி என்னும் அதிகாரி. அவருக்கும் அன்றே அவ்விருது கிட்டியது.

படம் பேசாத துயரம் ஒன்றும் உண்டு. வெடிப்பில் கடலில் வீசப்பட்டோரும், தீ நெருங்கியதால் குதித்தோரும் பலர். ஆணையின்றிக் கப்பலை விட்டு அகன்றவர்கள் என அவர்களுள் பலர்மீது கப்பல் தலைவர் குற்றம் சுமத்தினார். குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. ஆயினும் மனத்தில் பட்ட வடு எளிதில் ஆறுமோ? வீரர் என்றும் கோழை என்றும் மனிதரை இரண்டாகப் பிரிப்பது நமக்கு எளிது. நெருப்புக்கும் நீருக்கும் இடையே நின்றவனின் உள்ளத்தை அறிபவர் இறைவன் ஒருவரே.

தளத்தில் கிடந்த ஒரு மாலுமிக்கு அருட்தந்தை இறுதி அருட்சாதனம் வழங்கும் காட்சி உலகறிந்தது. அந்த மாலுமி இறக்கவில்லை, பல்லாண்டுகள் வாழ்ந்தார். 'அவஸ்தைப் பூசுதல்' என்று நாம் அஞ்சிய அருட்சாதனத்தை 'நோயில்பூசுதல்' என அழைப்பதே தகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் உரைத்தது. அதன் பொருளை அந்தத் தளத்தில் காண்கிறோம். நோயாளி மூச்சடங்கும்வரை குருவை அழைக்கத் தயங்கும் இல்லங்கள் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.