கருங்கடற் கொட்டையும் கமக்காரனின் களஞ்சியமும்

கருங்கடலின் தென்கரையில், திரப்சோன், கிரேசுன், ஓர்து என்னும் துருக்கியப் பட்டினங்களுக்குப் பின்னால், மலைகள் கடலோரத்திலிருந்தே செங்குத்தாக எழுகின்றன. மழை மிகுந்த அச்சரிவுகளில் ஏர் பூட்டி உழுதல் அரிது. ஆயினும், பன்னூற்றாண்டுகளாக அங்கே ஒரு செடி மண்ணை இறுகப் பற்றி நின்று, மக்களை வாழ்வித்து வருகின்றது. அதுவே ஹேசல் கொட்டைச் செடி. சொக்கலேற்றினுள் பாதாம் போலவும் கஜு போலவும் சேர்க்கப்படும் சிறிய உருண்டைக் கொட்டையைத் தருவது இச்செடியே. உலகில் விளையும் ஹேசல் கொட்டையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு துருக்கியிலேயே விளைகின்றது.

பண்டைக் கிரேக்கர் அக்கரையைப் பொந்தோஸ் என்றனர். அங்கிருந்து வந்த கொட்டையைப் பொந்திக் கொட்டை என்றனர். அப்பெயரே அரபியில் ‘புந்துக்’ என்றும் துருக்கியில் ‘பிந்திக்’ என்றும் திரிந்தது. ஊர்ப் பெயரே பொருட்பெயராக நிலைத்தது, அவ்வாணிபத்தின் பழமைக்குச் சான்றாகும்.

அங்கே ஹேசல் பெரும்பாலும் தனிமரமாக வளர்க்கப்படுவதில்லை. ஐந்தாறு தண்டுகள் வட்டமாக நின்று ஒரு புதராகின்றன. அப்புதரைத் துருக்கியர் ‘ஒஜாக்’, அதாவது அடுப்பு, என அழைக்கின்றனர். ஆகஸ்டு மாதத்தில் கொட்டைகள் பறிக்கப்பட்டுக் களத்தில் பரப்பப்படுகின்றன. மேலுறை நீக்கியபின், பருப்பின் ஈரம் நூற்றுக்கு ஆறு வீதத்துக்குக் குறையும் வரை வெயிலில் உலர வேண்டும். ஆனால் கருங்கடற் கரையில் ஆகஸ்டிலும் மழை பெய்யும். ஈரத்தோடு சாக்கில் கட்டப்பட்ட கொட்டையிற் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணத்திலிருந்து அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். முறையாக உலர்ந்து, குளிர்ந்த காற்றோட்டமுள்ள களஞ்சியத்தில் ஓட்டோடு இருக்கும் கொட்டையோ ஓராண்டுக்கு மேலும் கெடாது. பருப்பிற் பாதிக்கு மேல் எண்ணெய். ஓடு உடையாதிருக்கும் வரை அவ்வெண்ணெய் எளிதிற் காறுவதில்லை.

இவ்வியல்பிலேயே கமக்காரனின் வாழ்வும் தாழ்வும் அடங்கியுள்ளன. கொட்டை காத்திருக்கும், ஆனால் கமக்காரனாற் காத்திருக்க முடிவதில்லை. உரத்துக்கும் கூலிக்கும் பட்ட கடன் அறுவடையன்றே வாசலில் வந்து நிற்கும். ஆதலால் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க முற்படுவர், விலை வீழும். விற்க மனமில்லாதவனிடமும் நல்ல களஞ்சியமில்லை. அவன் தன் விளைவை வணிகரிடமே ஒப்படைத்து, விலையைப் பின்னர் பேசிக்கொள்வான். இவ்வழக்கத்துக்கு ‘எமானெத்’ என்று பெயர். தமிழ் முஸ்லிம்கள் ‘அமானிதம்’ என வழங்கும் அதே அரபுச் சொல் அது. நம்பிக்கையின் பெயரால் நடக்கும் இம்முறையிற் கொட்டை வணிகரின் கையிலிருக்கிறது. அவர் நொடித்துப் போனால் கமக்காரனின் ஓராண்டு உழைப்பும் உடன் போகின்றது.

துருக்கிக் குடியரசு இக்குறையை முன்னரே கண்டது. 1935 ஆம் ஆண்டில் அங்காராவில் முதலாவது ஹேசல் மாநாடு கூடியது. மறுவருடம் கிரேசுனில் இப்பயிருக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1938 இல் அதே பட்டினத்தில் ‘பிஸ்கோபிர்லிக்’ என்னும் கூட்டுறவு ஒன்றியம் பிறந்தது. தனித்தனியே நலிந்தவர்கள் ஒன்றுசேர்ந்து கொட்டையைச் சேமித்து, நல்ல விலைக்குக் காத்திருப்பதே அதன் நோக்கம். 1964 முதல் அரசாங்கம் குறைந்தபட்ச விலையை அறிவித்தது. ஒன்றியம் அவ்விலைக்குக் கொள்முதல் செய்தது.

நன்மை கருதிச் செய்த இவ்வேற்பாடு எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. விலைக்கு உத்தரவாதம் உண்டெனக் கண்டதும், மலையிலிருந்து பயிர் சமவெளிக்கு இறங்கியது. மேற்கே சக்காரியா, தூஸ்ஜே மாவட்டங்களில், வேறு பயிர்கள் செழிக்கக்கூடிய வளநிலத்திலும் ஹேசல் நடப்பட்டது. அங்கே மண் ஆழமானது, விளைச்சலும் அதிகம். வேறெதுவும் பயிரிட முடியாத மலைவாசிக்காக வகுத்த உதவியிற் பெரும்பங்கு சமவெளிக்குச் சென்றது. 1983 இல் நடுகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதன் விதிகள் தாழ்சரிவான வளநிலங்களையும் 750 மீற்றருக்கு மேற்பட்ட உயரங்களையும் விலக்கின. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது; செடிகள் நிலத்தில் இருந்தன. கொள்முதல் விலை நீடிக்கும் வரை ஒருவரும் அவற்றைப் பிடுங்க விரும்பவில்லை.

2000 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கூட்டுறவு ஒன்றியங்கள் அரசின் நிதியாதரவிலிருந்து விலக்கப்பட்டன. 2004 வசந்தகாலத்து உறைபனி பூக்களையும் இளங்குருத்துகளையும் கருக்கியது, விலை ஏறியது. உயர்ந்த விலையை அறிவித்த ஒன்றியம், விலை மீண்டும் சரிந்தபோது உறுப்பினருக்குப் பணம் கொடுக்க இயலாது தத்தளித்தது. 2006 ஜூலை இறுதியில் ஓர்துவிற் பல்லாயிரம் கமக்காரர் திரண்டு கரையோர நெடுஞ்சாலையை மறித்தனர். அதன் பின் அரசாங்கம் தானியக் கொள்முதல் நிறுவனமாகிய ‘தெ.எம்.ஓ.’வைக் கொட்டை வாங்கப் பணித்தது. கோதுமைக்கென 1938 இல் அமைந்த அந்நிறுவனத்தின் கையில் மலைபோற் கொட்டை குவிந்தது. 2008 இல் நாட்டின் விளைவு எட்டு இலட்சம் தொன்னை எட்டியது. குவிந்ததில் ஒரு பகுதி எண்ணெய்க்காக அரைக்கப்பட்டது.

2009 இற் கொள்கை மாறியது. விலையைத் தாங்குவதை விடுத்து, அனுமதி பெற்ற நிலத்தின் பரப்புக்கேற்பப் பணம் கொடுக்கப்பட்டது. மலைச்சரிவில் உள்ளவனுக்கு இது ஓரளவு நீதி. ஆயினும் பணம் பரப்புக்கன்றி, நல்ல கன்றுக்கோ, முறையான கத்தரிப்புக்கோ, உலர்களத்துக்கோ உரியதன்று. தந்தைக்குப்பின் பிள்ளைகளிடையே துண்டாகிய தோட்டங்கள் பல. இஸ்தான்புலுக்குக் குடிபெயர்ந்த உரிமையாளரும் பலர். அறுவடைக்கு நாட்டின் தென்கிழக்கிலிருந்து வரும் ஏழைக் குடும்பங்களோடு சிறுவர்களும் வந்து வேலை செய்வது நெடுங்காலக் குறையாகும். பழமையான புதர்கள் புதுப்பிக்கப்படாமையால், பரப்பிற் குறையாத நாடு ஏக்கர் விளைச்சலில் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் பின்னால் நிற்கின்றது. 2014 மார்ச் இறுதியில் மீண்டும் உறைபனி விழ, விலை துள்ளியெழுந்தது. 2017 இல் அரசு நிறுவனம் மறுபடியும் கொள்முதலுக்குத் திரும்பியது.

இவ்வரலாற்றிற் சிறிதாய்த் தோன்றும் ஒரு நிகழ்ச்சி, 2005 இல் இயற்றப்பட்ட உரிமம்பெற்ற களஞ்சியச் சட்டமாகும். கமக்காரன் தன் கொட்டையை அங்கே கொண்டுவருகிறான். ஈரமும் தரமும் பரிசோதிக்கப்படுகின்றன. பொருளுக்குரிய சீட்டு அவன் பெயரில் எழுதப்படுகின்றது. அச்சீட்டை ஈடாக வைத்து அவன் கடன் பெறலாம். விலை வாய்க்கும் நாளில் விற்கலாம். நஞ்சளவை நுணுகிச் சோதிக்கும் ஐரோப்பியச் சந்தைக்கும் இம்முறை நம்பிக்கை தருகின்றது. எமானெத்தில் வணிகரின் சொல்லை மட்டும் நம்பியவனுக்கு, இங்கே சட்டத்தின் பிணை கிடைக்கின்றது.

அறிவிக்கப்பட்ட விலை ஓராண்டு உதவும். அடுத்த ஆண்டு அரசிறையையும் சந்தையையும் பொறுத்தே அமையும். நடவேண்டிய இடத்தில் நட்டு, பழம்புதரைப் புதுப்பித்து, உலர்ந்த கொட்டையை உலர்ந்த இடத்தில் தன் பெயரிலேயே வைத்திருக்கக் கமக்காரனுக்கு வழிசெய்தால், விலை பேசும் வலிமை அவனிடமே இருக்கும். 1938 இற் கிரேசுனில் ஒன்றுகூடியோர் நாடியது அவ்வலிமையையே. கொட்டையைப் போலக் கமக்காரனும் காத்திருக்கக் கூடிய நாளே, அவர்கள் தொடங்கிய பணி நிறைவுறும் நாளாகும்.