நால்வர் இயற்றிய ஒரு வர்ணம்

இசைப் பாடல் இயற்றுவோர் தனியிடத்தில் அமர்ந்து, தம் உள்ளத்தோடு மட்டும் உறவாடி இயற்றுகின்றனர் என்பதே நம்மிற் பெரும்பாலோர் எண்ணம். நம் கர்நாடக சங்கீதத்தின் வரலாறோ வேறொரு செய்தியையும் கூறுகின்றது. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் தொடர்வதும், வினாவும் விடையுமாக ஸ்வரங்களைத் தொடுப்பதும் இக்கலையில் விளையாட்டாகவும் பயிற்சியாகவும் வழங்கி வந்துள்ளன. இதற்கு அரிய சான்று, ஸ்ரீரஞ்சனி ராகத்தில் அமைந்த ‘ஸாமி நின்னே கோரி’ என்னும் வர்ணம்.

இதனைத் தொடங்கியவர் முத்துசாமி தீக்ஷிதரின் தந்தையாரான ராமசாமி தீக்ஷிதர் (1735–1817). ஆயினும் வர்ணம் முழுவதும் அவர் ஒருவரது ஆக்கம் அன்று. சரணத்தைத் தொடர்ந்து வரும் ஸ்வரங்களை அவருடன் சியாமா சாஸ்திரி (1762–1827), முத்துசாமி தீக்ஷிதர் (1775–1835), அவர் தம்பி சின்னசாமி தீக்ஷிதர் ஆகிய மூவரும் ஆளுக்கொன்றாக இயற்றிச் சேர்த்தனர். சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்டு வெளியிட்ட ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ என்னும் பெருநூல் இதனை நமக்குக் காத்துத் தந்தது.

வர்ணத்தின் அமைப்பு இத்தகைய கூட்டு முயற்சிக்கு மிகவும் ஏற்றது. முற்பகுதியில் பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் என்பன வரும். பிற்பகுதியில் சரணம் என்னும் ஒரே அடி நிலையாக நிற்கும். ஒவ்வொரு ஸ்வரக் கோவையும் பாடி முடிந்தவுடன் அந்த அடிக்கே திரும்புதல் வேண்டும். எனவே, புதிதாக ஒரு கோவை இயற்றுபவர் எங்கே தொடங்கினும் எங்கே சென்று சேரவேண்டும் என்பது முன்னரே உறுதியாகி விடுகின்றது. மேலும், ஸ்ரீரஞ்சனி பஞ்சமத்தை விலக்கிய ராகம். எஞ்சிய ஆறு ஸ்வரங்களைக் கொண்டே, முன்னவர் சொன்னதைத் திரும்பச் சொல்லாமலும், ராகத்தின் வடிவம் குலையாமலும் பின்னவர் பாட வேண்டும். தந்தையின் கோவைக்கு மகன் விடை கூறுகிறார். வேறொரு குடும்பத்தில் தோன்றி, வேறொரு பாணியை வளர்த்த சியாமா சாஸ்திரியும் உடன் அமர்கிறார். இயற்றும் திறனுக்கு இதனினும் நல்ல பள்ளி உண்டோ?

தமிழ்ப் புலவரிடையேயும் இத்தகைய வழக்கம் இருந்தது. பார்வையற்ற ஒருவரும் கால் முடமான ஒருவருமாகிய இரட்டைப் புலவருள், ஒருவர் பாட்டின் முற்பாதியைப் பாட மற்றவர் பிற்பாதியை முடித்தனர் என்பது நாம் அறிந்த மரபு. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் செய்வதும் இவ்வினத்ததே.

கச்சேரி மேடையில் இவ்விளையாட்டு இன்றும் வாழ்கின்றது. பாடகர் ஓர் ஆவர்த்தனம் கற்பனை ஸ்வரம் பாட, வயலின் வித்வான் அதற்கு விடை வாசிக்கிறார். பின்னர் அளவு பாதியாகிறது, அதுவும் பாதியாகிறது. இதுவே குறைப்பு எனப்படும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் இவ்வாறே குறைத்துக்கொண்டு வந்து, இறுதியில் ஒன்று கூடி, மோரா வாசித்துக் கோர்வையில் முடிக்கின்றன.

கோர்வையைப் பழகுவதற்கு இருவர் போதும். ஆதி தாளத்தின் எட்டு அடிகளை, அடிக்கு நான்காகப் பகுத்தால் 32 அக்ஷரங்கள் ஆகும். ஒருவர் பத்து அக்ஷரச் சொற்கட்டு ஒன்றைச் சொல்லட்டும். அதனை மூன்று முறை சொல்ல 30 ஆகும். இடையில் வரும் இரண்டு நிறுத்தங்களுக்கு ஒவ்வோர் அக்ஷரம் விட்டால் 32 நிறைந்து, அடுத்த சொல் சமத்தில் வந்து விழும். எட்டு அக்ஷரமாயின் நிறுத்தம் நான்கு, ஆறாயின் ஏழு. ஒன்பது என்றால் என்செய்வது? மும்முறைக்கு 27, எஞ்சிய ஐந்தை இரு சமநிறுத்தங்களாகப் பகுக்க இயலாது. ஆதலின் முன்னே ஓர் அக்ஷரம் தள்ளித் தொடங்கி, இரண்டிரண்டாக நிறுத்த வேண்டும். ஒருவர் எண்ணைக் கூற, மற்றவர் இடைவெளியைக் காண்பதே ஆட்டம். கணக்கும் செவியும் ஒருங்கே கூர்மை பெறுகின்றன.

இவ்விளையாட்டு போட்டியாக முற்றியதும் உண்டு. தஞ்சை அரசவையில் பொப்பிலி கேசவய்யாவும் சியாமா சாஸ்திரியும் அரிய தாளங்களில் பல்லவி பாடி மோதினர் என்று செவிவழிச் செய்தி கூறும். போட்டியில் வென்றவர் பெயர் நிற்கின்றது. ஸ்ரீரஞ்சனி வர்ணத்திலோ நால்வர் பெயரும் நிற்கின்றன.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதை அன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம் குழந்தைகள் சங்கீதம் பயிலுகின்றனர். வாரம் ஒருமுறை ஆசிரியர்; எஞ்சிய நாட்களில் ஒலிப்பதிவு. பாடம் பிழையின்றி வருகின்றது. ஆனால் ஒலிப்பதிவு முடிந்த பாட்டையே தருகின்றது. அது வினவுவதில்லை, நம் விடைக்காகக் காத்திருப்பதும் இல்லை. நூறு கீர்த்தனைகளை மனனம் செய்த ஒரு பிள்ளை ஓர் ஆவர்த்தனம் ஸ்வரம் சொந்தமாகப் பாட அஞ்சுமாயின், அப்பிள்ளை பெற்றது சங்கீதத்தின் பாதியே. மற்றப் பாதி ஒரு தலைமுறையில் கை நழுவினால், அதனை ஏட்டிலிருந்து மீட்பது அரிது.

அதற்குப் பெரிய சபை வேண்டுவதில்லை. அண்டை வீட்டுப் பிள்ளைகள் நால்வரை ஒன்றாக அமர்த்துவோம். தெரிந்த பாட்டின் ஓர் அடியை நிலையாகக் கொள்வோம். முதற் பிள்ளை எட்டு அடிக்கு ஸ்வரம் பாடி அவ்வடிக்குத் திரும்பட்டும்; அடுத்த பிள்ளை அது விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும். தவறினால் நகைப்போம், மீண்டும் பாடச் சொல்வோம். தந்தையும் மக்களும் நண்பரும் சேர்ந்து ஒரு வர்ணத்தை நிறைவு செய்த மரபு நம்முடையது. அதன் அடுத்த ஸ்வரம் நம் வீட்டுக் கூடத்திலும் பிறக்கலாம்.