ஒப்பந்தப் புறக்கணிப்பு (அமெரிக்கக் கால்பந்து)

அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக்கில் (என்.எஃப்.எல்.) ஆடும் வீரர், கூடுதல் ஊதியமோ நீண்டகால ஒப்பந்தமோ கேட்டுப் பயிற்சி முகாமுக்கும் ஆட்டங்களுக்கும் வர மறுப்பது ஒப்பந்தப் புறக்கணிப்பு. இது வீரர் சங்கத்தின் வேலைநிறுத்தம் அன்று. தனியொருவரின் பேர உத்தி. எளிதில் மாற்று கிடைக்காத நட்சத்திரங்களுக்கே பெரும்பாலும் பலன் தருகிறது.

இந்த லீக்கில் ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் முழுமையாக உறுதிசெய்யப்படுவதில்லை. காயமுற்றவரையோ ஆட்டம் தளர்ந்தவரையோ அணி இடையிலேயே விடுவிக்கலாம். இந்தச் சமனின்மையே புறக்கணிப்பின் வேர். 1993இல் வந்த ‘ஃபிரான்சைஸ் டேக்’ விதி, ஒப்பந்தம் முடிந்த முக்கிய வீரரையும் ஓராண்டு ஊதியத்தில் தக்கவைக்க அணிக்கு இடமளித்தது.

வாஷிங்டன் அணியின் ஜான் ரிக்கின்ஸ் 1980 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1993இல் எமிட் ஸ்மித் இல்லாத டல்லாஸ் முதல் இரு ஆட்டங்களிலும் தோற்றது; அவர் புதிய ஒப்பந்தத்துடன் திரும்பியபின் அப்பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. பிட்ஸ்பர்க்கின் லீவியான் பெல், 2018இல் ‘ஃபிரான்சைஸ் டேக்’ ஊதியமான சுமார் 1.45 கோடி டாலரைத் துறந்து பருவம் முழுவதும் விலகியிருந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க் ஜெட்ஸில் சேர்ந்தார்.

லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2020 கூட்டு ஒப்பந்தம் முகாமுக்கு வராதோருக்கான அபராதத்தைக் கடுமையாக்கியது. தொகை நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை எட்டும். அதன்பின் முகாமுக்கு வந்தும் பயிற்சியில் முழுமையாகப் பங்கேற்காத முறை பரவியது. 2021இல் அவ்வாறு காத்திருந்த பிட்ஸ்பர்க்கின் டி.ஜே. வாட், நான்காண்டுகளுக்கு 11.2 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார்.