பிரேக் தூசியும் இழப்பீட்டுச் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை வண்டிகளின் பிரேக் கட்டை மரத்தாலோ இரும்பாலோதான் ஆகியிருந்தது. பாரம் ஏற்றி மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டியின் சக்கரத்தில் மரக்கட்டை உரசிக் கருகுவதும், மழைநாளில் பிடிப்பின்றி வழுக்குவதும் வண்டிக்காரர்களின் அன்றாடத் தொல்லைகள். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதி வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸின் தோலைக் கட்டையின் மீது ஆணியடித்து ஓட்டுவதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், பிசின் ஊட்டி இறுக்கிய துணிப்பட்டைகளைக் கொண்டு 1897-இல் சோதனைகளைத் தொடங்கினார். சேப்பல்-ஆன்-லெ-ஃப்ரித் என்னும் சிற்றூரில் அவர் நிறுவிய ஃபெரோடோ தொழிற்சாலையிலிருந்துதான் இன்று பட்டறைகளில் ‘பிரேக் லைனிங்’ எனப்படும் உராய்வுப் பட்டையின் வரலாறு தொடங்குகிறது. குதிரை வண்டிக்குப் போதுமானதாக இருந்த பருத்தித் துணி மோட்டார் வண்டியின் வேகத்தில் பிறந்த வெப்பத்துக்குத் தாங்கவில்லை. நெருப்பில் எரியாததும், பஞ்சைப்போல் நூற்று நெய்யக்கூடியதும், மலிவானதுமான ஒரு பொருள் தேவைப்பட்டபோது, கனடாவின் சுரங்கங்களிலிருந்து ஏராளமாக வந்துகொண்டிருந்த கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ், அந்த இடத்தைப் பிடித்தது. அதன் பிறகு ஏறக்குறைய எழுபது எண்பது ஆண்டுகள் உலகில் ஓடிய கார், பேருந்து, லாரி ஆகியவற்றின் பெரும்பாலான பிரேக் ஷூக்களிலும் கிளட்ச் பிளேட்டுகளிலும் கல்நார் இருந்தது. பல லைனிங்குகளில் எடையில் ஏறத்தாழப் பாதி அதுவே.

பாறையின் இழைகளான கல்நாரில் பல வகைகள் உண்டு. வாகனங்களில் பயன்பட்டது பெரும்பாலும் கிரைசோடைல் எனப்படும் வெண்கல்நார். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிளவுபடும் இந்த இழைகள் மூச்சுக்காற்றோடு நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கி மூன்று வகைக் கேடுகளை விளைவிக்கின்றன: நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலையும் வயிற்றையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் அரிய புற்றுநோய். இவை வெளிப்படப் பெரும்பாலும் இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் ஆகும். இந்த நீண்ட இடைவெளியைக் கவனத்தில் வைக்காமல் பின்வந்த சட்டப் போராட்டங்கள் எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. இருபது வயதில் வேலை செய்த பட்டறை, அறுபது வயதில் நோய் தெரியவரும்போது பெரும்பாலும் இருப்பதில்லை.

பிரேக் வேலையில் தூசி எழும் கட்டங்கள் தெளிவானவை. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் கருந்தூளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவது உலகெங்கும் பட்டறை வழக்கமாக இருந்தது. ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும், தூசி மட்டும் குனிந்திருப்பவரின் முகத்துக்கு நேரே எழுந்து அறை முழுதும் பரவும். தேய்ந்த லைனிங்கின் ரிவெட்டுகளை நீக்கிப் புதியதை ஷூவில் அடித்துப் பொருத்துவது, டிரம்மின் வளைவுக்கு ஏற்ப அதைக் கிரைண்டரில் தேய்ப்பது, பிரேக் போடும்போது எழும் கிறீச்சொலியைத் தவிர்க்க ஓரங்களை அரத்தாலோ உப்புத்தாளாலோ சாய்த்துவிடுவது ஆகிய வேலைகளில் எழுவது இன்னும் உராய்வு வெப்பத்தைக் காணாத புத்தம்புதிய இழை. இந்த வேறுபாடு பின்னாளில் வழக்குகளின் மையமாயிற்று. ஓட்டத்தின்போது எழும் வெப்பத்தில் கிரைசோடைலின் பெரும்பகுதி ஃபோர்ஸ்டரைட் என்னும் தீங்கு குறைந்த கனிமமாக மாறிவிடுவதால், தேய்ந்த தூளில் எஞ்சும் கல்நார் மிகச் சிறிய பங்கே என்று உற்பத்தியாளர்கள் வாதிட்டனர். பழைய தூளைப் பொறுத்தவரை வேதியியல் ரீதியாக அது சரியே. கிரைண்டரின் முன் நின்றவருக்கு அந்த வாதம் பொருந்தாது.

தொழிற்சாலைக்குள் இருந்த ஆபத்து வெகுமுன்பே அறியப்பட்டது. லங்காஷயரின் ராச்டேல் நகரில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா 1924-இல் 33-ஆம் வயதில் இறந்தார். அவரது நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் டபிள்யூ.ஈ. குக் அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதைப் பதிவு செய்தார். நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. அந்த ஆலையை உள்ளடக்கிய டர்னர் அண்ட் நியூவால் குழுமம்தான் அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஃபெரோடோவையும் விலைக்கு வாங்கியது. 1930-இல் அரசின் மருத்துவ ஆய்வாளர் மெர்வெதர், பொறியாளர் பிரைஸுடன் சேர்ந்து அளித்த அறிக்கை, பரிசோதிக்கப்பட்ட 363 தொழிலாளர்களில் 95 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு, நுரையீரல் தழும்பு இருந்ததைக் காட்டியது. அதன் விளைவாக 1931-இல் உலகின் முதல் கல்நார் தூசி விதிமுறைகள் பிரிட்டனில் பிறந்தன. ஆனால் கல்நார்ப் பொருள்களை உலர்நிலையில் அறுப்பதையும் தேய்ப்பதையும் அவ்விதிகள் கட்டுப்படுத்தியது, அப்பொருள்களை உற்பத்தி செய்யும் இடத்தில் மட்டுமே. அதே லைனிங் தொழிற்சாலை வாசலைத் தாண்டி ஒரு பட்டறைக்குச் சென்று அங்கே அதே முறையில் தேய்க்கப்பட்டபோது சட்டம் அதைக் காணவில்லை. மெக்கானிக் தொழிலாளியின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் குறை இதுவே: பாதுகாப்பும் இழப்பீடும் பெரிய ஆலையின் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டன, சிறு பட்டறையில் பல முதலாளிகளிடம், பல நிறுவனங்களின் பொருள்களைத் தொட்டு வேலை செய்தவர் அதன் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டார். பிரிட்டனில் விதிகள் உற்பத்தி ஆலைகளைத் தாண்டி விரிவாக்கப்பட்டது 1969-இல்தான்.

அமெரிக்காவில் அறியாமை என்று சொல்லிவிட முடியாத ஒன்று நடந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் பிரேக் லைனிங் செய்துவந்த ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டன் நிறுவனத்தின் தலைவர் சம்னர் சிம்ப்சன், 1935 அக்டோபரில் ஜான்ஸ்-மேன்வில் நிறுவனத்தின் வழக்கறிஞர் வான்டிவர் பிரவுனுக்கு எழுதிய கடிதத்தில், கல்நார் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறதோ அவ்வளவு நமக்கு நல்லது என்ற பொருள்படக் குறிப்பிட்டார். கல்நார்த் தொழிலுக்கென நடத்தப்பட்ட ஓர் இதழ், அஸ்பெஸ்டோசிஸ் பற்றிக் கட்டுரை வெளியிடலாமா என்று அனுமதி கேட்டதையொட்டி எழுந்த கடிதப் போக்குவரத்து அது. பிரவுன் அக்கருத்தை ஏற்றுப் பதில் எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டியிருந்த இக்கடிதங்கள் 1977-இல் வழக்குகளின் போக்கில் வெளிவந்தபோது, அபாயம் தங்களுக்குத் தெரியாது என்ற நிறுவனங்களின் தற்காப்பு ஆட்டங்கண்டது. ஸ்ட்ராட்ஃபோர்டு நகரமும் தப்பவில்லை. ஆலையின் கழிவு ஊரின் பள்ளங்களை நிரப்பும் மண்ணாகப் பல ஆண்டுகள் பயன்பட்டதால், வீட்டுமனைகளையும் பொது இடங்களையும் தோண்டித் தூய்மைப்படுத்தும் பணியை நடுவண் அரசு ஏற்க நேர்ந்தது.

தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பகுதியில் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி வாக்னரும் துணை ஆய்வாளர்களும் 1960-இல் எழுதிய கட்டுரையும், வெப்பக்காப்புத் தொழிலாளர்களைப் பற்றி இர்விங் செலிகாஃப் 1964-இல் வெளியிட்ட ஆய்வும் கல்நாரை உலகப் பிரச்சினையாக்கின. பட்டறைகளுக்கு வந்த எச்சரிக்கை அதற்கும் பிந்தியது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1975-இல்தான் பிரேக், கிளட்ச் பழுதுபார்ப்பில் கல்நார் தூசி குறித்துத் தனி அறிவிப்பு வெளியிட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டிக் கையேடு 1986-இல் வந்தது. அதே முகமை 1989-இல் கொண்டுவந்த பரந்த தடையை 1991-இல் நீதிமன்றம் பெரும்பாலும் நீக்கிவிட்டதால், மாற்றுச் சந்தையில் விற்கப்படும் பிரேக் பொருள்களில் கிரைசோடைலைத் தடைசெய்யும் ஆணைக்கு 2024 மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரிட்டன் 1999-இலேயே அதைத் தடைசெய்திருந்தது.

நோயுற்ற தொழிலாளிக்குத் திறந்திருந்த சட்ட வழிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. அமெரிக்காவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் ஒரு குறிப்பிட்ட தொகையை உறுதி செய்து, அதற்கு ஈடாக முதலாளியின்மீது வழக்குத் தொடரும் உரிமையைப் பெரும்பாலும் பறித்துவிட்டன. அதனால் வழக்குகள் பொருளைத் தயாரித்தவரை நோக்கித் திரும்பின. 1973-இல் டெக்சாஸைச் சேர்ந்த ஒரு வெப்பக்காப்புத் தொழிலாளியின் வழக்கில், ஃபைபர்போர்டு நிறுவனத்தையும் பிறரையும் எதிர்த்து ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தன் பொருளின் ஆபத்தை ஒரு வல்லுநருக்குரிய அறிவோடு உற்பத்தியாளர் அறிந்திருக்க வேண்டும், அறிந்ததைப் பயன்படுத்துவோருக்கு எச்சரிக்கவும் வேண்டும் என்று நிறுவியது. அதன் வழியே மெக்கானிக்குகளும் லைனிங் உற்பத்தியாளர்மீதும் கார் நிறுவனங்கள்மீதும் வழக்குத் தொடுத்தனர்.

காலவரம்பு முதல் தடையாக நின்றது. பிரிட்டனில் 1963-இல் பிரபுக்கள் அவை, நோய் உடலுக்குள் தொடங்கிய நாளிலிருந்தே வழக்குக்கான கெடு ஓடத் தொடங்கிவிடும், நோயாளி அதை அறியாவிட்டாலும் சரி, என்று ஷெஃபீல்டு தூசித் தொழிலாளர்களின் வழக்கில் கூற நேர்ந்தது. அந்த அநீதி அப்பட்டமாகத் தெரிந்ததால் அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு கெடு உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரயில்வே தொழிலாளி ஒருவரின் வழக்கில் 1949-இலேயே இதையொத்த நிலையை ஏற்றிருந்தது.

இரண்டாவது தடை நிறுவனங்களின் திவால். 1982-இல் ஜான்ஸ்-மேன்வில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் அனுபவத்தைக் கொண்டு 1994-இல் திவால் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு, இன்று நோயுற்றவருக்கும் நாளை நோயுறப்போகிறவருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கும் அறக்கட்டளைகளுக்கு இடம் தந்தது. டர்னர் அண்ட் நியூவாலை 1998-இல் வாங்கிய ஃபெடரல்-மொகல் 2001-இல் திவால் பாதுகாப்பை நாடி 2007-இல் மீண்டபோது, ஃபெரோடோவின் பழைய கடன்களும் இத்தகைய அறக்கட்டளையின் பொறுப்பாயின. இவற்றில் நோய்ச் சான்றும் அந்நிறுவனப் பொருளோடு வேலை செய்ததற்கான சான்றும் அளித்தால் வழக்கின்றியே தொகை கிடைக்கும். ஆனால் பல அறக்கட்டளைகள் மதிப்பிட்ட தொகையில் ஒரு பங்கை மட்டுமே தருகின்றன.

மூன்றாவது தடையே மெக்கானிக்கை அதிகம் வருத்தியது: யாருடைய இழை நோயைத் தந்தது என்று காட்டுவது. 2007-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், கிறீச்சொலியைப் போக்கப் புதிய பிரேக் பேடுகளைத் தேய்த்துவந்த ஒரு மெக்கானிக்குக்குச் சாதகமாக இருந்த தீர்ப்பை மாற்றியது. போர்க்-வார்னர் நிறுவனத்தின் பேடுகளிலிருந்து எவ்வளவு தூசி அவரைச் சென்றடைந்தது என்பதற்கு ஏறத்தாழவேனும் ஓர் அளவு வேண்டும் என்பது அதன் நிலை. 2013-இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது ஃபோர்டு நிறுவனத்துக்கு எதிரான வழக்கு. அதில் பாதிக்கப்பட்டவர் மெக்கானிக்கும் அல்லர், பட்டறைகளில் வாகனச் சோதனை நடக்கும்போது, பிரேக் தூளைக் காற்றால் ஊதுமிடத்துக்கு அருகே நின்று மேற்பார்த்த காவல் அதிகாரி. இளமையில் சிறிதுகாலம் கப்பல் தளத்திலும் வேலை செய்திருந்ததால், எந்தத் தூசி எந்த அளவுக்குக் காரணம் என்ற கேள்வி எழுந்து, சாதகமான தீர்ப்பு நீக்கப்பட்டு மறுவிசாரணைக்குச் சென்றது. மெக்கானிக்குகளைத் தொகுதியாக எடுத்த பல ஆய்வுகள் அவர்களிடையே மீசோதெலியோமா கூடுதலாக இல்லை என்று சொல்வதையும் மறைக்கக் கூடாது. அவற்றில் சிலவற்றுக்கு வாகன நிறுவனங்களின் நிதி கிடைத்தது என்பதும் ஆவணப்பட்ட செய்தி. எனினும், தூசியின் அளவை அன்று அளக்காமல் விட்டவர் முதலாளியும் உற்பத்தியாளருமாக இருக்க, அளவு இல்லாத குறையைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவது நியாயமான பங்கீடு ஆகாது.

பிரிட்டிஷ் சட்டம் இந்த இடத்தில் வேறு பாதையில் சென்றது. 2002-இல் ஃபேர்சைல்டு வழக்கில் பிரபுக்கள் அவை, பல முதலாளிகளிடம் வேலை செய்த மீசோதெலியோமா நோயாளி எந்த இழை காரணம் என்று காட்ட வேண்டியதில்லை, அபாயத்தைக் கணிசமாகக் கூட்டிய ஒவ்வொருவரும் பொறுப்பே என்றது. முழு இழப்பீட்டையும் அவர்களில் எவரிடமிருந்தும் பெறலாம் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. சொந்தப் பட்டறை வைத்திருந்தவரும், கணவரின் வேலை உடையைத் துவைத்து நோயுற்ற மனைவியும் எவர்மீதும் வழக்குத் தொடர முடியாத நிலையில், 2008-ஆம் ஆண்டுத் திட்டம் அவர்களுக்கு அரசுத் தொகை அளித்தது. மூடிப்போன முதலாளியின் காப்பீட்டாளரைக் கண்டுபிடிக்க இயலாதவருக்காகக் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வரி திரட்டும் சட்டம் 2014-இல் வந்தது.

ஃபெரோடோவின் கிளை மும்பையின் காட்கோபரிலும் இருந்தது. இந்தியத் தொழிலாளிக்கான சட்டத்தில் முதன்மையானது 1995 சனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த அந்தப் பொதுநல வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்த நீதிமன்றம், அஸ்பெஸ்டோசிஸ் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீட்டையும், மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இவற்றில் பிந்தையது வரை, காக்கும் கடமையையும் விதித்தது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அஸ்பெஸ்டோசிஸ் தொழில்நோயாக இடம்பெற்றிருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இவற்றின் உள்ளடக்கத்தை 2020-இல் நாடாளுமன்றம் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் சேர்த்தது. ஆனால் தொழிற்சாலைச் சட்டம் மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலிருந்தே தொடங்கியது. ஒரு மேஸ்திரியும் மூன்று பையன்களும் கொண்ட சாலையோரப் பட்டறை அதற்கு வெளியே நின்றது. அங்கே சம்பளப் பதிவேடு இல்லை, எக்ஸ்ரே இல்லை, வாங்கிய லைனிங் எந்த நிறுவனத்துடையது என்று காட்டும் பில்லும் இல்லை. நாற்பது ஆண்டு காக்க வேண்டிய ஆவணம் எதுவும் முதலில் எழுதப்படவே இல்லை.